ஓராண்டு வீணாகுமா? கணிதக் கல்வியும் பணியனுபவமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு இதே அரங்கில் கல்வி உதவித்தொகை வழங்கி முடிந்த பின்னர், ஒரு தாயார் என்னிடம் வந்தார். அவருடைய மகன் கணிதத்தில் இளநிலைப் பட்டம் முடித்திருந்தான். ஒரு தொழிற்சாலையில் ஓராண்டுப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. "போனால் படிப்பு விட்டுப்போகுமா, போகாவிட்டால் வாய்ப்பு விட்டுப்போகுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஐயா" என்றார். அன்று அவருக்கு நான் அளித்த விடை அவசரமான விடை. அதை நிதானமாக மறுபடியும் சொல்வதற்காகவே இவ்வாண்டு இவ்வுரையை ஏற்றுக்கொண்டேன்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் முப்பதாண்டுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் நான். பிறந்த ஊர் வந்தவாசிப் பக்கம். பிழைப்புக்கு வந்த ஊர் இது. ஆகவே, நான் எடுத்துக்காட்டாகச் சொல்பவை பெரும்பாலும் இம்மண்ணைச் சார்ந்தவையாகவே இருக்கும்.

நான் செய்த தவறு

முதலில் என் தவறு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். அதைச் சொல்லாமல் அறிவுரை கூற எனக்குத் தகுதியில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவி படித்தாள். தந்தை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு நிறுவலைப் பாதியில் நிறுத்தினால், மீதியை அவள் சொல்லி முடிப்பாள். இளநிலைத் தேர்வு முடிந்தபோது அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று திருச்சியில் முதுநிலைப் படிப்புக்கு இடம். மற்றொன்று ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுப் பயிற்சிப் பணி. விடுதிக்கும் கல்லூரிக்கும் கட்டப் பணம் வீட்டில் இல்லை. "ஓராண்டு வேலை பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு சேரட்டுமா, சார்?" என்று கேட்டாள்.

நான் சினந்துகொண்டேன். கணிதம் கற்றவள் கல்லைப் பொடி செய்து சலித்துக்கொண்டிருப்பதா என்றேன். ஓராண்டு இடைவெளி விழுந்தால் திரும்பி வரமாட்டாய் என்றேன். அவள் என் சொல்லைத் தட்டவில்லை, பணிக்குப் போகவில்லை. ஆனால், முதுநிலைக்குக் கட்ட வேண்டிய பணமும் கூடிவரவில்லை. அவ்வாண்டு தையில் அவளுக்குத் திருமணம் ஆயிற்று.

நெடுங்காலம் கழித்து அவளை அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டேன். தெருவிலுள்ள கடைக்காரர்கள் பலருக்குச் சரக்கு வரிக் கணக்கு எழுதித் தருவதாக மகிழ்ச்சியோடு சொன்னாள். விடைபெறும்போது, குறையாக இன்றி, ஒரு செய்தியைப் போலச் சொன்னாள்: "அன்றைக்கு வேலைக்குப் போகாதே என்றீர்கள், சார். போயிருந்தால் ஃபீஸ் கட்டியிருப்பேன்."

இடைவெளி விழுந்தால் திரும்பமாட்டாய் என்று அஞ்சியவன் நான். இடைவெளி விழாமலே அவள் திரும்ப முடியாமற் போனதற்கும் காரணம் நானே. அன்று முதல், பணியாண்டு என்ற சொல்லை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

நிச்சயமும் வியவகாரமும்

பொன்னூர் மலையில் திருவடி கொண்டு விளங்கும் குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் நிச்சய நயம், வியவகார நயம் என்று இரு நோக்குகளை விளக்குவதை நாம் அறிவோம். வியவகாரத்தின் துணையின்றி நிச்சயத்தைப் பிறர்க்கு உணர்த்துதல் இயலாது என்பது அவர் கருத்து. ஆன்மாவைப் பற்றிய அவ்வாராய்ச்சியைக் கணக்குப் பாடத்துக்கு இழுப்பது அடுக்குமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால், நம் முன்னோரே கணிதத்தில் 'வியவகாரம்' என்ற சொல்லை ஆண்டிருக்கிறார்கள்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த ஜைனப் பேரறிஞர் மகாவீராசாரியர். அவர் இயற்றிய கணிதசார சங்கிரகத்தின் பெரும் பிரிவுகள் ஒவ்வொன்றும் வியவகாரம் என்றே பெயர் பெறும். பின்னம், மூன்றின் விதி, கலப்புக் கணக்கு, பரப்பு, குழி தோண்டும் அளவு, நிழல் அளவு என அவை விரிகின்றன. வட்டிக் கணக்கும் பொன்மாற்றுக் கணக்கும் அங்கே உண்டு. அதே நூலில், எதிர்ம எண் ஒன்றுக்கு வர்க்கமூலம் இல்லை என்ற நுட்பமும் உண்டு. சந்தையும் தத்துவமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

அதற்குச் சற்று முந்தைய தவளா உரையில் வீரசேன ஆசாரியர், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்ற எண்ணிக்கைக்கு அர்த்தச்சேதம் என்று பெயரிட்டு ஆள்கிறார். 32ஐ ஐந்து முறை பாதியாக்கினால் 1 வரும். ஆகவே அதன் அர்த்தச்சேதம் 5. இன்று மாணவர்கள் இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்று படிப்பது இதுவே. எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, முடிவற்றது என எண்களை நம் ஆகமங்கள் பகுத்ததும் உலகறிந்த செய்தி. எனவே, தூய கணிதம் உயர்ந்தது, தொழிற்கணக்கு தாழ்ந்தது என்ற பாகுபாடு நம் மரபில் இல்லை. நான் அந்த மாணவியிடம் காட்டிய ஏளனத்தை நான் எங்கிருந்தோ இரவல் வாங்கியிருந்தேன்.

துறைமுகத்தில் ஓர் எழுத்தர்

கணிதசார சங்கிரகத்தைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. இரங்காசாரியார் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் அரசு அச்சகத்தின் வாயிலாக வெளியிட்ட ஆண்டு 1912. அதே 1912இல், அதே சென்னையில், மார்ச் 1ஆம் நாள், துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் ஓர் எழுத்தர் பணியில் சேர்ந்தார். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம். அங்கே வளர்ந்த இராமானுஜன், கணிதம் தவிரப் பிற பாடங்களில் தவறியதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவில்லை. பட்டமில்லாதவராகத்தான் துறைமுக வாயிலில் நுழைந்தார். அந்தப் பணி அவருக்குக் கணிதம் கற்பித்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. வேறு இரண்டை அது தந்தது. முதலாவது, கவலையற்ற உணவு. இரண்டாவது, அருகிருந்து அறிந்துகொள்ளும் ஒரு மனிதர். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். மாலை வேளைகளில் சிலேட்டும் கையுமாக இராமானுஜனோடு அமர்ந்தவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசினார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தாம் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் என்றே இராமானுஜன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

அதன் பின்னர் நடந்ததே நமக்கு முதன்மையான பாடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பட்டம் பெற்றவர்களுக்கே உரியது. ஆயினும், 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு அதனை இராமானுஜனுக்கு வழங்கினார்கள். துறைமுகப் பணி ஏறத்தாழ பதினான்கு மாதங்களோடு நின்றது. ஒரு பணியாண்டு அவரைத் தாங்கிப் பிடித்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் கதை வேறாகியிருக்கும். இக்கருத்துக்கு இறுதியில் மீண்டும் வருவேன்.

கற்குவியலுக்கு அருகே ஒரு பாடம்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கடல் மூடியிருந்த மண் இது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை உடையது என்பர். அந்தப் பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூரைச் சிமெண்ட் நகரமாக ஆக்கியிருக்கிறது. 1979இல் தொடங்கிய அரசுச் சிமெண்ட் ஆலை முதல் பல தனியார் ஆலைகள் வரை இங்கே சூழ்ந்திருக்கின்றன. இவற்றின் புகைக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டே நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது.

குன்னம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு மாணவனை, முன்பு செய்த தவறு நினைவில் உறுத்த, ஓராண்டு ஆலைப் பயிற்சிக்குப் போகச் சொன்னேன். அங்கே அவன் முதலில் கண்ட கணக்கைக் கேளுங்கள். சிமெண்டுக்கான கல்லில் சுண்ணாம்புச் சத்து ஒரு குறித்த அளவில் இருக்க வேண்டும். ஒரு குவியலில் அது 100க்கு 86, மற்றொன்றில் 76 எனக் கொள்வோம். நமக்கு வேண்டியது 80. எவ்விகிதத்தில் கலப்பது? 80க்கும் 76க்கும் வேறுபாடு 4. 86க்கும் 80க்கும் வேறுபாடு 6. ஆகவே உயர்ந்ததில் 4 பங்கு, தாழ்ந்ததில் 6 பங்கு. பத்து டன் வேண்டுமானால் 4 டன்னும் 6 டன்னும். சரிபார்த்தால் 344ம் 456ம் சேர்ந்து 800. பத்தால் வகுக்க 80.

நகைக்கடை வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கே புன்னகை செய்கிறீர்கள். ஆம், இது பொன்மாற்றுக் கணக்கே. மகாவீராசாரியர் பொன்னுக்குப் போட்டது, அரியலூரில் கல்லுக்குப் போடப்படுகிறது.

ஆனால், அம்மாணவன் கற்ற பெரிய பாடம் அதுவன்று. குவியலில் 86 என்று எவ்வாறு தெரிந்தது? ஒரு கூடை மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் கூடையை எங்கிருந்து எடுத்தார்கள்? கல்லைக் கொட்டும்போது பெருங்கற்கள் உருண்டு அடிவாரத்தின் ஓரத்துக்கு வரும். பொடி நடுவிலே தங்கும். கைக்கு எட்டுகிற ஓரத்தில் அள்ளினால் குவியலின் உண்மை தெரியாது. ஆகவே, கல் ஓடும் பட்டையிலேயே, குறித்த நேர இடைவெளியில் மாதிரி எடுக்க வேண்டும். முதல் மாதம் தான் எளிதாக எட்டிய இடத்தில் அள்ளியதாகவும், மேற்பார்வையாளர் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னதாகவும் அவன் என்னிடம் கூறினான்.

அவன் முதுநிலை வகுப்புக்குத் திரும்பி வந்த பின், நான் இயல்நிலைப் பரவல் நடத்திக்கொண்டிருந்தேன். "இவை ஒரு தொகுதியிலிருந்து எடுத்த நூறு மாதிரிகள்" என்று கரும்பலகையில் எழுதினேன். அவன் எழுந்து, "மாதிரி எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார், சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அத்தனை ஆண்டுகள் அப்பாடத்தை நடத்திய நான் அக்கேள்வியை ஒருமுறையும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காயப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். வெங்காயத்தை விலக்கும் நோன்பாளர்கள் இங்கே பலர். கணக்குக்கு அந்த விலக்கு இல்லை. பட்டறையில் வைத்த 100 கிலோ, காய்ந்தும் அழுகியும் 80 கிலோவாகக் குறைகிறது எனக் கொள்வோம். நூற்றுக்கு 20 இழப்பு. முதலுக்கு மோசம் வராமலிருக்க விலை எவ்வளவு ஏற வேண்டும்? 20 என்று சொல்லாத கல்லூரி மாணவன் குறைவு. சரியான விடை நூற்றுக்கு 25. பட்டறை போட்ட உழவர் இதைத் தம் கையிருப்பிலிருந்து அறிந்திருக்கிறார். நம் பிள்ளை தேர்வுத்தாளில் கோட்டைவிடுகிறான். பணியிடத்தில் எண் தவறினால் ஒருவருடைய உழைப்பு குறையும். மதிப்பெண் குறைவதைவிட அது பெரிது.

எண்ணுக்கும் உயிருக்கும் உள்ள உறவை அரியலூர்க்காரர்கள் மறக்க இயலாது. 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எத்தனை மழைக்கு எத்தனை நீர் வரும், அதைத் தாங்க எத்தனை அகலத் திறப்பு வேண்டும் என்பதெல்லாம் நிகழ்தகவுக் கணக்குகள். அவற்றைத் தாளில் மட்டும் போட்டவனுக்கும், ஆற்றங்கரையில் நின்று போட்டவனுக்கும் வேறுபாடு உண்டு. அகிம்சையை முதல் அறமாகக் கொண்ட நமக்கு, சரியாகக் கணக்கிடுவதும் அவ்வறத்தின் ஒரு பகுதியே.

வெளிநாட்டு வழக்கமும் நம் சட்டமும்

படிப்புக்கிடையே பணி என்பது புதுமையன்று. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906இலேயே பொறியியல் மாணவர்களை மாறி மாறி வகுப்புக்கும் ஆலைக்கும் அனுப்பியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தோன்றியபோதே இம்முறையைக் கைக்கொண்டது. 1967இல் அங்கே கணிதத்துக்கென்றே தனிப்புலம் அமைத்து, கணித மாணவர்களையும் தவணை தவணையாகப் பணிக்கு அனுப்பிவருகிறது. இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்களில் கணிதப் பட்டம் நான்காண்டாக நீண்டு, அதில் ஓராண்டு முழுவதும் நிறுவனம் ஒன்றில் கழியும். மாணவன் அவ்வாண்டிலும் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் மாணவனாகவே இருப்பான். இந்தக் குறிப்பைக் கவனியுங்கள்: அவனைப் படிப்பை நிறுத்தியவன் என்று யாரும் எழுதுவதில்லை.

நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. தொடக்கத்தில் அது தொழிற்பிரிவினர்க்கு. 1973இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிந்தது. கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு இடமளித்த திருத்தம் 2014இல் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 22இல் நடைமுறைக்கு வந்தது. அது இராமானுஜன் பிறந்த நாள். தற்செயலாக அமைந்ததாயினும் கணித மாணவர்க்கு நல்ல நிமித்தம். ஆகவே, இன்று இளநிலைக் கணிதம் முடித்த பிள்ளை ஓராண்டு பழகுநராகச் சேரலாம். சென்னைத் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இதை நடத்துகிறது. 2019ஆம் ஆண்டு விதி பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்த உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என வகுத்தது. அதில் பாதியை மத்திய அரசு ஈடு செய்யும். இத்தொகை அவ்வப்போது திருத்தப்படுவது. ஒப்பந்தம் செய்யும் நாளில் நடப்பு விதியைக் கேட்டறிக. முடிவில் வாரியத்தின் சான்றிதழ் உண்டு. 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப்படிப்புக்குள்ளேயே பயிற்சியைச் சேர்க்கவும் வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் முதல் திறன் பயிற்சிகளைக் கல்லூரி வாயில் வரை கொண்டுவந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டப்படி பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், பணியாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. வேலை நிலைக்கும் என்று நம்பி முதுநிலைப் படிப்பை விடுபவர் ஏமாறக் கூடும். திரும்பிவரும் எண்ணத்தோடு போகிறவர்க்கே இவ்வாண்டு நன்மை.

போகுமுன் ஐந்து கேள்விகள்

எந்தப் பணியாண்டும் நல்லது என்று நான் கூறவரவில்லை. ஓராண்டு முழுதும் நகலெடுக்கவும் தேநீர் வாங்கவும் அலைந்த பிள்ளைகளை அறிவேன். ஆகவே, போகுமுன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, அது முறையாகப் பதிவாகுமா? வாய்ச்சொல் பயிற்சி, மலிவான கூலியாக மாறிவிடும்.

இரண்டாவது: அங்கே எண்ணை வைத்து ஒரு முடிவு எடுக்கப்படுகிறதா, அம்முடிவுக்கு அருகில் பிள்ளை இருப்பானா? ஆய்வுக்கூடம், சரக்கிருப்பு, தரக் கட்டுப்பாடு, காப்பீடு, வங்கி, மருத்துவமனைப் புள்ளிவிவரம் ஆகியவை தகும். எண்களைத் தட்டச்சு மட்டும் செய்யும் மேசை தகாது.

மூன்றாவது: நாராயண ஐயரைப் போலக் கேட்டதற்கு விளக்கம் சொல்ல ஒருவரேனும் அங்கே உண்டா?

நான்காவது: இரவில் ஒரு மணி நேரம் கணிதத்துக்கு ஒதுக்க முடியுமா? குன்னத்து மாணவனைப் புகழ்ந்தேன். அவன் பட்ட பாட்டையும் சொல்லுகிறேன். திரும்பிய முதல் பருவத்தில் மெய்ப் பகுப்பாய்வில் அவன் முதல் தேர்விலேயே தவறினான். எல்லையின் வரையறையைக் கூட எழுத வரவில்லை. ஓராண்டு ஏட்டைத் தொடாததன் விளைவு அது. மூன்று மாதம் கடுமையாக உழைத்துத்தான் மீண்டான். கணிதம் வீணையைப் போன்றது. தொடாத விரல் தடுமாறும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் உயர் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் உரிய முதுநிலை நுழைவுத் தேர்வுகளுக்கு ஆயத்தமாக இந்த ஒரு மணி நேரம் பெரிதும் உதவும்.

ஐந்தாவது: பணத்தை என்ன செய்யப் போகிறோம்? மாதம் 9,000 என்றால் ஆண்டுக்கு 1,08,000. வீட்டுக்குத் தேவையிருக்கும், மறுக்கவில்லை. ஆயினும் மூன்றில் ஒரு பங்கு, மாதம் 3,000, பிள்ளை பெயரில் தனியே வையுங்கள். ஆண்டு முடிவில் 36,000 இருக்கும். அந்தப் பணத்துக்கு 'அடுத்த படிப்பு' என்று பெயர் வையுங்கள். என் மாணவிக்கு இல்லாமற் போனது அந்தப் பணமே.

நம் குடும்பங்களுக்கே உரிய தயக்கங்களையும் அறிவேன். பொழுது சாயுமுன் உணவு என்ற நியமம் மாலைப் பணிமுறையில் எப்படி நடக்கும்? நான் கண்டவரை, முதல் நாளிலேயே பணிவாகச் சொல்லிவிட்ட பிள்ளைகளுக்குப் பகல் முறை கிடைத்திருக்கிறது. சொல்லக் கூச்சப்பட்டவர்களே இடர்ப்பட்டார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி, "வயது ஏறுகிறதே" என்கிறீர்கள். மகனுக்கும் அதே ஓராண்டுதானே ஏறுகிறது? நல்ல விடுதியா, வழித்துணை உண்டா என்று ஆயிரம் கேள்வி கேளுங்கள், அவை நியாயம். ஆனால், அக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னும் மறுப்பது நியாயமன்று. தன் கையால் ஈட்டிய பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டிய பெண்ணின் நிமிர்வை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம்

இனி, நான் வந்த காரியத்தின் மையத்துக்கு வருகிறேன்.

நம் அறக்கட்டளையின் கல்வி உதவி விண்ணப்பத்தில் ஒரு விதி இருக்கிறது: படிப்பில் ஓராண்டு இடைவெளி விழுந்தவர் விண்ணப்பிக்க இயலாது. ஊக்கமில்லாதவர்கள் பணத்தை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதிய விதி. யாரையும் குறை கூறவில்லை. அவ்விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். என் மாணவியிடம் எந்த மனநிலையில் பேசினேனோ, அதே மனநிலையில்தான் அந்த வரியையும் எழுத ஒப்பினேன்.

இன்று அதன் விளைவைப் பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இடைவெளியின்றிப் படிக்கிறான். உதவி பெறத் தகுதி பெறுகிறான். வசதியற்ற வீட்டுப் பிள்ளை, பணம் சேர்க்க ஓராண்டு உழைத்துவிட்டுத் திரும்புகிறான். உழைத்த காரணத்தாலேயே தகுதியிழக்கிறான். உதவி யாருக்கு வேண்டுமோ அவரையே விதி விலக்குகிறது. மாதிரியை எட்டிய இடத்தில் அள்ளிய குற்றத்தையே நாமும் செய்கிறோம்.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் நம் அறக்கட்டளை மேற்கொண்டது சாத்திர தானம். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்தவர் நம் முன்னோர். அன்று ஏடு வாங்க வசதியில்லாதவனுக்கு ஏடு கொடுத்தது தானம். இன்று, வெளியே போய்த் திரும்பி வருபவனுக்குக் கதவைத் திறந்து வைப்பதும் தானம்.

என் விண்ணப்பம் மூன்று. ஒன்று, பதிவு செய்த பயிற்சியாண்டை இடைவெளியாகக் கருதாமல் கல்வியாண்டாகவே கருதுக. இரண்டு, அவ்வாறு சென்று திரும்பும் மாணவர்க்கு ஆண்டுதோறும் இரண்டு உதவித்தொகைகளை ஒதுக்கி வைக்க. அவற்றுள் ஒன்று பெண்ணுக்கு. மூன்று, நம்மவருள் வணிகரும், கணக்காயரும், பொறியாளரும், வங்கியாளரும் பலர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் உங்கள் பணியிடத்தில் ஒரு கணிதப் பட்டதாரிக்கு ஓராண்டு இடமளித்து, மாலையில் அரைமணி நேரம் அவனோடு அமர்ந்து பேசுங்கள். நாராயண ஐயர் செய்தது அவ்வளவே.

விதி திருத்தப்பட்டால் அதற்குரிய முதல் ஆண்டுத் தொகைக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கைத் தர இசைகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நெடுநாளைய கடன் ஒன்றை அடைக்க வேண்டியிருக்கிறது. கடன் கொடுத்தவள் கேட்கவில்லை என்பதற்காக அது தீர்ந்துவிடாது.

சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட அந்தத் தாயார் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அம்மா, உங்களுக்கு என் விடை இதுதான்: மகன் போகட்டும். போகும் நாளிலேயே திரும்பும் நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரவு ஒரு மணி நேரம் ஏட்டைத் திறக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது கதவு திறந்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

 அறம் வளர்க! கல்வி பெருகுக!